மிதியில் வைத்த கால்

தை 18, ஞாயிறு

'நிறுத்தி' என்ற சொல்லை இன்று காலை மகளுக்கு வழங்கினேன். பிரேக், பிரேக் என்று நாள்தோறும் நூறு முறை சொல்கிறாளே, அதற்குரிய தமிழ். எழிலி மகிழுந்தின் அடியிலிருந்து தலையை நீட்டி, "நல்லாத்தானுங்கப்பா இருக்குது. எங்க வண்டிக்கு இன்னும் அந்தப் பேரு வெக்கற தகுதி வரல" என்றாள். பக்கத்தில் அமர்ந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த பிரிட்டோ சிரித்த சிரிப்பில் திருகு ஒன்று உருண்டு வடிகாலுக்குள் விழுந்தது. அதை எடுக்க இருவருக்கும் அரைமணி நேரம் பிடித்தது.

அவள் சொன்னது மெய்தான். பன்னிரண்டு ஆண்டுப் பழமையுடைய வண்டி அது. முன்பு வைத்திருந்தவர் பொறியின் ஆற்றலை ஏற்றினார், நிறுத்தியைத் தொடவில்லை. சென்ற மாதம் நகர்ப்புறத்து ஓட்டக்களத்தில் நடந்த நேரப் போட்டியில், ஒருவர்பின் ஒருவராக ஓடி யார் விரைந்து சுற்றை முடிக்கிறார் என்று பார்க்கும் போட்டியில், மூன்றாம் சுற்றுவரை எழிலியே முதலிடம். நான்காம் சுற்றில் நிறுத்தியின் மிதி தரைவரை இறங்கிற்று, வண்டி நிற்கவில்லை. வளைவைத் தாண்டி மணற்பரப்பில் புதைந்தது. எந்த மேடையிலும் நிதானம் தவறாத நான் அன்று வேலியைத் தாண்டி ஓடினேன்.

அடுத்த போட்டி மாசி 17. அதில் முதல்வராக வருபவரைச் சென்னையைச் சேர்ந்த ஓட்டக் குழு ஒன்று ஓராண்டுக்குத் தன் வண்டியை ஓட்ட எடுத்துக்கொள்ளும். இருபத்தாறு அகவையில் என் மகள் வேண்டுவது அது ஒன்றே. நீரேற்றி செய்யும் தொழிற்சாலையில் வரைவுப் பொறியாளராக அவள் உழைப்பதும் அதற்காகவே.

பெரிய நிறுத்தித் தொகுதியைப் புதிதாக வாங்கினால் அது வண்டியின் விலையையே விழுங்கிவிடும். அவளிடம் இருப்பது ஆண்டு ஊக்கத்தொகை. நான் தருகிறேன் என்றேன். "உங்க காசுல ஓட்டுனா உங்க பொண்ணா ஓட்டுவேன். என் காசுல ஓட்டுனாத்தான் நானா ஓட்டுவேன்" என்றாள். சேரலாதன் மகள் வேறு எப்படிப் பேசுவாள்?

பிரிட்டோ அதே தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருக்கிறான். ஆறாண்டு நண்பன். நண்பன் என்பதற்கு மேல் ஏதும் உண்டா என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. இவள் தாய் இருந்திருந்தால் முதல் மாதமே கேட்டிருப்பாள்.

தை 20, செவ்வாய்

மேட்டுப்பாளையத்தில் கூட்டம். ஒன்றரை மணி நேரம் பேசினேன். தொண்டை கட்டிவிட்டது.

தை 23, வெள்ளி

உக்கடத்துப் பழைய உதிரிக் கடைகளுக்கு இருவரும் புறப்பட்டபோது நானும் ஏறிக்கொண்டேன். இவர்கள் தேடியது அதே நிறுவனத்துப் பெரிய வண்டியின் முன்சக்கர வட்டுகளையும் கவ்விகளையும். வட்டு என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. கவ்வி என்பது அதன் இருபுறமும் உராய்வுக் கட்டைகளை வைத்து அழுத்திப் பிடிப்பது. பெரிய வட்டு மிகுந்த சூட்டைத் தாங்கும் என்பதால் நான்காம் சுற்றிலும் நிறுத்தும்.

நான்காவது கடையில் கிடைத்தன. பிரிட்டோ அளவுகோலை வைத்து வட்டின் தடிப்பைப் பார்த்தான். தேய்ந்திருந்தாலும் வரம்புக்குள் இருந்தது. இனிக் கடைசல் பிடித்துத் தேய்க்க மட்டும் அதில் தடிப்பில்லை. கடைக்காரர் சொன்ன விலை எழிலியின் முகத்தை வாட்டியது. அப்போது அவர் என்னை உற்றுப் பார்த்து, "ஐயா, நீங்க பேச்சாளர்தான? ரத்தினபுரி கூட்டத்துல கேட்டிருக்கறனுங்க" என்றார். நான் அங்கேயே, இரும்புக் குவியலின் நடுவே, தமிழர் இரும்பு உருக்கிய பெருமையைப் பேசினேன். விலை பாதியாயிற்று.

திரும்பும்போது, வண்டியை ஓட்டிய பிரிட்டோ, "அடுத்த தடவ டயர் கடைக்கும் ஐயாவக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்றான். பின்னிருக்கையில் எழிலி என் தோளில் தலையைச் சாய்த்தாள். நெடுநாளாயிற்று அவள் அப்படிச் சாய்ந்து.

தை 25, ஞாயிறு

நாள் முழுதும் பூட்டும் வேலை. கவ்வியைப் பொருத்துவதற்கான தாங்கிகளைப் பிரிட்டோ தன் மாமன் பட்டறையில் அடித்துக் கொண்டுவந்திருந்தான். உராய்வுக் கட்டைகளும் நிறுத்தியின் எண்ணெய் ஓடும் குழாய்களும் மட்டும் புதியவை. கைநிறுத்தியின் கம்பி நீளம் போதாமையால் அதை மட்டும் இன்னும் பூட்டவில்லை.

பூட்டினால் முடிந்தது என்று எண்ணினேன். இல்லையாம். புதிய கட்டைகளை வட்டோடு பழக்கவேண்டும். நல்ல விரைவில் போய், நிற்குமுன் விட்டுவிடும்படி அழுத்தவேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. வட்டு நன்றாகச் சூடேறும். அதன்பின் நிறுத்தவே கூடாது. காற்றுப்படும்படி மெல்ல ஓட்டி ஆறவிடவேண்டும். எழிலி பிரிட்டோவிடம் அதை மறுபடியும் மறுபடியும் சொன்னாள்.

"சூட்டோட மிதிச்சுப் புடிச்சுட்டு நின்னீன்னா, கட்ட அந்த எடத்துல அப்படியே படிஞ்சிரும். அப்பறம் பிரேக்கப் புடிக்கறப்பெல்லாம் வண்டி ஒதறும். சிக்னலே இல்லாத ரோடாப் பாத்துப் போ."

"அம்மணி, நானும் இஞ்சினியர்தான்."

"நீ டெஸ்டிங். ஒடைக்கறதுதான் உன் வேல."

அவளே போயிருப்பாள். நாளை விடியலில் அலுவல் நிமித்தம் ஓசூர் போகிறாள், வியாழன்தான் திரும்புவாள்.

தை 26, திங்கள்

அன்னூரில் சீர்திருத்தத் திருமணம், தலைமை அடியேன். நல்ல நேரம் பார்க்காத திருமணந்தான். ஆயினும் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அழைத்துச் செல்வதாகச் சொன்னவர்களின் வண்டி வரவில்லை. அதே வேளையில் பிரிட்டோ கட்டைகளைப் பழக்க வண்டியை எடுக்க வந்தான். அன்னூர்ச் சாலையில்தான் போவதாக இருந்தான். ஏறிக்கொண்டேன். "தூக்கித் தூக்கிப் போடுமுங்கையா. கலியாணத்துல சாப்பட முடியாது, பாத்துக்கோங்க" என்று எச்சரித்தான். சொன்னபடியே தூக்கிப் போட்டது. எரியும் நாற்றம் வந்தது. அதுதான் வரவேண்டிய நாற்றம் என்றான்.

வழியில் ஒரு நாற்சாலைச் சந்திப்பில் எங்கள் இயக்கத்து இளைஞரணித் தோழர்கள் பறையோடும் பொன்னாடையோடும் காத்திருந்தனர். என் வருகை அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. நிறுத்தச் சொன்னேன். பிரிட்டோ ஏதோ சொன்னான்; பறையொலியில் சரியாகக் கேட்கவில்லை. இறங்கி, அவர்கள் நீட்டிய ஒலிவாங்கியில் சில சொல் பேசினேன். ஏற்றமான இடம், கைநிறுத்தியும் இல்லை, ஆகையால் பிரிட்டோ மிதியிலிருந்து காலை எடுக்காமல் வண்டியிலேயே அமர்ந்திருந்தான்.

திருமணம் சிறப்பாக நடந்தது. மணமக்கள் உறுதிமொழி படிக்கையில் மணமகள் குரல் மணமகனைவிட உரத்து ஒலித்தது. அதைச் சுட்டிக்காட்டினேன், கூடம் அதிர்ந்தது.

தை 28, புதன்

எழிலி நாளை திரும்புகிறாள். பிரிட்டோவுடன் தொலைபேசியில் பேசினேன். சில செய்திகள் சிலரை வீணே வருத்தும். அவற்றைச் சொல்லாதிருப்பது பொய்யாகாது என்பதை எடுத்துரைத்தேன். "சரிங்கையா, நானாச் சொல்லல. நீங்க சொல்லிருவீங்கல்ல?" என்றான். நேரம் பார்த்துச் சொல்வேன் என்றேன்.

தை 29, வியாழன்

வந்ததும் பையைக்கூட இறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் களிப்பில்லை. அழுத்தும்போதெல்லாம் திசைதிருப்பிச் சக்கரம் கையில் உதறுகிறதாம். விரைவு கூடக் கூட நடுக்கமும் கூடுகிறதாம்.

பிரிட்டோவை வரவழைத்தாள். நான் முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கியாவது நிறுத்துனியா?"

"ஒரு எடத்துல. குறுக்க ஆளுங்க வந்துட்டாங்க."

"எவ்ளோ நேரம்?"

அவன் என்னைப் பார்த்தான் என்பதைத் தாளுக்கு இப்பாலிருந்தும் உணர்ந்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

"கொஞ்ச நேரம்" என்றான்.

அன்று அன்னூருக்கு எந்த வண்டியில் போனேன் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேளாத வினாவுக்கு விடையளிப்பது சொற்பொழிவாளன் தொழில். தந்தையின் தொழில் அன்று. இவ்வரியை எழுதிவிட்டு நான்கு முறை படித்தேன். அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதே உறுத்துகிறது.

மாசி 3, ஞாயிறு

முன்சக்கரங்கள் இரண்டையும் எழிலி முழுதாகப் பிரித்துவிட்டாள். சிறிது நேரம் நின்றதால் இவ்வளவு நடுக்கம் வராது என்பது அவள் துணிபு. ஆகவே குற்றம் தாங்கியில், தாங்கி செய்தது பிரிட்டோவின் மாமன், சரிபார்த்தது பிரிட்டோ.

"டயல் கேஜ் வெச்சுக் கோணல் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்தியா, பாத்தேன்னு சொல்றியா?"

அவன் முகம் கறுத்தது. "கட்டதான் படிஞ்சிருக்குது எழிலி. டிஸ்க்க உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மறுக்காப் பழக்குனா போயிரும். நான் சொல்றதக் கேளு."

"கொஞ்ச நேரம் நின்னா இப்படிப் படியாது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஒண்ணு தாங்கி கோணல். இல்லீன்னா என் வண்டிய எடுத்துட்டு எங்கியோ ஊரு சுத்தப் போயிருக்கற. ரெண்டுல எது?"

"ரெண்டும் இல்ல."

"அப்பறம் என்னதான்டா?"

நான் வாயிற்படியில் நின்றிருந்தேன். இரண்டு எட்டு வைத்தால் அவர்களிடையே போயிருக்கலாம். பிரிட்டோ திருகுசாவிகளைப் பெரியது சிறியது பார்த்துத் தட்டில் அடுக்கினான், கையைத் துடைத்தான். இனி வரவேண்டாம் என்று எழிலி சொன்னாள். சினத்தில் உரத்துச் சொல்லியிருந்தால் நாளை மாறும் என்று எண்ணியிருப்பேன். மெல்லச் சொன்னாள்.

வெளியே போகும்போது என்னருகில் ஒரு நொடி நின்றான். "ஐயா, சொல்றதுன்னா சுருக்காச் சொல்லிருங்க. தள்ளத் தள்ள நாக்கு எந்திரிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாக்கைப் பற்றி எனக்கு ஒருவன் சொல்கிறான்!

மாசி 5, செவ்வாய்

பிரிட்டோ வரவில்லை. புதிய தாங்கிகளுக்கு வேறொரு பட்டறையில் சொல்லியிருக்கிறாள். சக்கர உருளைகளையும், அவள் சொல்லில் பேரிங், மாற்றப்போகிறாளாம். புதிய டயர் வாங்க வைத்திருந்த பணம் இதில் போகிறது.

மாசி 8, வெள்ளி

இன்று சொல்லிவிடுவதென்று உறுதி பூண்டேன். உணவு வேளைக்கு முன்னரே சொற்களை அமைத்துக்கொண்டேன். "மகளே, ஒரு தந்தையின் பெருமை எதில் இருக்கிறது?" என்று தொடங்குவது. அங்கிருந்து புகழாசையின் இழிவு, அதிலிருந்து அந்நாற்சாலை. மூன்று படி, நல்ல கட்டு.

சோற்றைப் பிசைந்தபடி, "மகளே" என்றேன்.

"ம்?"

"ஒரு தந்தையின் பெருமை..."

"அப்பா, டார்ச்சக் கொஞ்சம் புடிக்கறீங்களா? சாப்ட்டுட்டு. புதுத் தாங்கி வந்திருக்குது, ஒரே ஆளா மாட்ட முடியல."

பிடித்தேன். எங்கே ஒளி வேண்டுமென்று சொல்ல அவளுக்குப் பொறுமையில்லை. "பிரிட்டோன்னா சொல்லாமயே புடிப்பான்" என்றவள், சொன்னதை அப்போதே விழுங்கினாள். விளக்கை மறு கைக்கு மாற்றினேன். ஒளி தாங்கியை விட்டுச் சுவரில் விழுந்தது. அகவையின் தளர்ச்சி என்று அவள் எண்ணியிருப்பாள். உள்ளே போய் அமரச் சொன்னாள்.

மாசி 10, ஞாயிறு

ஓட்டக்களத்தில் பயிற்சி நாள். புதிய தாங்கி, புதிய உருளை. நடுக்கம் மட்டும் பழையது. வேலியோரம் நின்று பார்த்தேன். நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் வெள்ளைப் பலகை ஒன்று உண்டு. மற்றவர் யாவரும் அதைக் கடந்தபின்பே அழுத்துகின்றனர். என் மகள் பலகைக்கு முன்னரே அழுத்தினாள். சுற்றுக்குச் சுற்று இன்னும் முன்னே, இன்னும் முன்னே.

இறங்கி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினாள். கைகள் மரத்துவிட்டன என்று உதறிக்கொண்டாள். பக்கத்து வண்டிக்காரர் ஒருவர், "என்னம்மா, இன்னைக்கி பக்தியோட பிரேக்கப் புடிக்கற" என்று கேலி செய்தார். சிரித்தாள். சிரித்துவிட்டு வண்டியின் மறுபுறம் போய் நெடுநேரம் குனிந்திருந்தாள்.

அங்கே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். போட்டிக்கு ஒரு கிழமை இருக்கிறது. சொன்னால் அவளால் உறங்க முடியாது, உறங்காமல் ஓட்டுவது கேடு என்று எனக்கு நானே வழக்காடினேன். எதிர்வழக்காட அங்கே யாருமில்லை, வென்றேன்.

மாசி 12, செவ்வாய்

திருப்பூரில் இலக்கிய மன்ற விழா. தலைப்பு 'வாய்மை'. தேர்ந்தவன் நானல்லேன், அவர்கள் கொடுத்தது.

பேச்சின் நடுவே, முன்னேற்பாடின்றி, அது வந்துவிட்டது. "ஒரு வணிகர் இருந்தார்" என்று தொடங்கினேன். அவருக்கொரு மகள். மகள் அரும்பாடுபட்டு அமைத்த மகிழுந்து. வழியில் மாலை மரியாதைக்கு ஆசைப்பட்டு, நிறுத்தக் கூடாத வேளையில் வண்டியை நிறுத்தச் சொல்கிறார் வணிகர். பழியை ஓர் இளைஞன் சுமக்கிறான். வணிகரின் இரவுகளை விரித்துரைத்தேன். அவை எனக்குத் தெரிந்தவை. ஈராயிரம் பேர் இருந்த அரங்கில் ஓர் இருமல் இல்லை.

முடிவில் அந்த வணிகர் மகளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். மகள் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொள்கிறாள். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தனர். கைதட்டல் நிற்க நெடுநேரமாயிற்று. என் ஐம்பத்தேழு ஆண்டு வாழ்வில் நான் பேசியவற்றுள் இதுவே சிறந்தது என்று மன்றச் செயலர் சொன்னார்.

திரும்பி வருகையில் நெஞ்சு இலேசாக இருந்தது. சொல்லிவிட்டாற்போலவே இருந்தது.

மாசி 13, புதன்

காலைமுதல் பாராட்டுகள். பேச்சின் அப்பகுதியை மட்டும் வெட்டி யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களாம். பல்லாயிரம் பேர் பார்த்துவிட்டனர். பல்லாயிரவரில் ஒருத்தி பார்க்காதிருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். என் பேச்சு பரவக் கூடாதென்று நான் விரும்புவது இதுவே முதல் முறை.

மாசி 14, வியாழன்

பார்த்துவிட்டாள்.

தொழிற்சாலை உணவகத்தில் உடன் பணிபுரியும் பெண் ஒருத்தி, உங்கப்பா பேச்சுக்கு நான் அழுதுவிட்டேன் என்று காட்டினாளாம். மாலை வீட்டுக்கு வந்து, இருவருக்கும் தட்டு வைத்து, தோசை வார்த்து வந்து வைத்துவிட்டு, கைப்பேசியைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து நிறுத்தி, ஓடவிட்டாள். முழுதும் கேட்கவேண்டியதாயிற்று. என் குரல் நன்றாகவே இருந்தது. கைதட்டல் முடியும்வரை அவள் நிறுத்தவில்லை.

"அந்த வணிகரு யாருங்கப்பா?"

தோசை ஆறிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு அன்னூருக்கு எந்த வண்டில போனீங்க?"

"உன் வண்டியில்."

"எவ்ளோ நேரம் நிறுத்துனீங்க?"

"பேசி முடிக்கும்வரை."

"உங்களுக்கு அது எவ்ளோ நேரம்னு எனக்குத் தெரியும்" என்றாள். "பிரிட்டோ சொல்லலியா, நிறுத்தப்படாதுன்னு?"

"சொன்னான்."

சொன்னான். பறையொலியில் கேட்கவில்லை என்று இதே ஏட்டில் எழுதியிருக்கிறேன். கேட்டது. "ஐயா, இப்ப ஆகாதுங்க, ஒரு சுத்துப் போயிட்டு ஆறவெச்சுட்டு வந்து நிறுத்தறனுங்க" என்றான், தெளிவாகக் கேட்டது. தோழர்கள் காத்திருக்கிறார்கள், நிறுத்தடா என்றேன். தோழர்களுக்கு என் வருகை எப்படியோ தெரிந்திருந்தது என்றும் எழுதியிருக்கிறேன். எப்படியோ அன்று, முந்தின நாள் மாலை நானே தொலைபேசியில் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, வெறும் உப்புத்தாள்ல முடிஞ்சிருக்கும்" என்றாள். "அவன் அதத்தான் சொன்னான். கொஞ்ச நேரந்தான் நின்னுதுன்னு நெனச்சு நான் நம்பல. தாங்கிய மாத்துனேன், பேரிங்க மாத்துனேன். அவனையும் மாத்திட்டேன்."

நான் எழுந்தேன். 'மகளே' என்ற சொல் வாய்வரை வந்தது. அவள் கையை உயர்த்தினாள்.

"பேசாதீங்க. நீங்க பேசுனா நல்லா இருக்கும். எனக்கு நல்லா இருக்க வேண்டாம்." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "மேடைல ரெண்டாயிரம் பேருகிட்டச் சொல்லத் தெரிஞ்சுது. இந்த மேசைல ஒருத்திகிட்டச் சொல்லத் தெரியல. உங்க கதைல அந்தப் பொண்ணு ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்குது, எல்லாரும் கை தட்டறாங்க. நான் இப்ப என்னங்கப்பா பண்ணோணும்?"

அவள் தட்டில் இருந்த தோசையை வாசலுக்கு எடுத்துப்போய்த் தெருநாய்க்கு வைத்தாள்.

மாசி 15, வெள்ளி

சவுரிபாளையத்தில் பிரிட்டோவின் வீட்டுக்குப் போனேன். பேருந்தில் போனேன். வழியெல்லாம் சொற்கள் தாமாக அணிவகுத்து வந்தன. ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினேன்.

அவன் தாயார் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனார். "நான் செய்தது தவறு. உன்னை வாய்மூட வைத்ததும் தவறு" என்றேன். இரண்டே தொடர். அதற்குமேல் எது சேர்த்தாலும் பேச்சாகிவிடும் என்று அஞ்சி நிறுத்தினேன்.

அவன் சற்று நேரம் காப்பியை ஆற்றினான். "கதைல என்னைய 'ஓர் இளைஞன்'னு சொல்லிட்டீங்க. பேரச் சொல்லியிருந்தா எங்கம்மாவாச்சும் தெருவெல்லாம் காட்டியிருக்கும்" என்றான். நான் தலை குனிந்தேன். "எழிலி நேத்தே கூப்புட்டுட்டாளுங்க. மொதல்ல திட்டுனா, ஏன்டா சொல்லலன்னு. அப்பறம் அழுதா. சாயங்காலம் வரச் சொல்லியிருக்கறா."

"நீ ஏன் சொல்லவில்லை? உன் மேல் பழி வந்தபின்னும்?"

"உங்களுக்கு வாக்குக் குடுத்தனுங்க. அது போக..." காப்பியைக் குடித்து முடித்தான். "நாஞ்சொல்லி அவ உங்கள வெறுத்தா, பொறகு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எப்பவும் நீங்கதான் நிப்பீங்க. நீங்களே சொன்னா அப்படி ஆகாதுன்னு பாத்தேன்."

நண்பன் என்பதற்கு மேல் ஏதும் உண்டா என்று நான் கேளாதிருந்த வினாவுக்கு விடை அதில் இருந்தது.

மாலையில் வந்தான். பழைய தாங்கிகளையே மறுபடியும் பூட்டினர். அவற்றில் மயிரிழைக் கோணலும் இல்லை என்று எழிலியே கருவி வைத்துப் பார்த்து அவனிடம் சொன்னாள். வட்டுகளை உப்புத்தாளால் தேய்த்தனர். கட்டை படிந்த கருநீலத் திட்டுகள் மெல்ல மறைந்தன. என்னை யாரும் விளக்குப் பிடிக்க அழைக்கவில்லை. வாயிற்படியில் நின்று பார்த்தேன். அவர்களும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவள் கை நீட்டும்போது வேண்டிய கருவி அவன் கையில் இருந்தது.

மாசி 16, காரி (சனி)

கட்டைகளை மறுபடி பழக்க இருவரும் விடியலில் போய் வந்தனர். நடுக்கம் அறவே இல்லை என்று பிரிட்டோ சொன்னான். நாளை வரலாமா என்று எழிலியைக் கேட்டேன். "வாங்க" என்றாள். அவ்வளவே.

மாசி 17, ஞாயிறு

வண்டி சீராக நின்றது. வேலியோரத்திலிருந்து எனக்கே தெரிந்தது: நிமிர்ந்து, நேராக, ஓர் உதறலுமின்றி. நான்காம் சுற்றிலும் நின்றது. ஐந்தாம் சுற்றிலும் நின்றது. நிறுத்தி என்ற சொல்லுக்கு முழுத் தகுதியும் வந்துவிட்டது.

ஆயினும் அவள் இரண்டாமிடம். அரை நொடிக்கும் குறைவான வேறுபாடு. முதலிடம் ஈரோட்டிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்கு. சென்னைக் குழுவினர் அவனைச் சூழ்ந்துகொண்டனர். தேய்ந்த டயர்களால்தான் என்றான் பிரிட்டோ. எழிலி மறுத்துவிட்டாள். அவனுக்கும் எனக்கும் கேட்கும்படி, எவர்மேலும் பழி வைக்காத குரலில், பொறியாளர் அறிக்கை சொல்வதுபோலச் சொன்னாள்.

"பிரேக்கு பிரமாதமா இருந்துச்சு. பலகையத் தாண்டியும் போகலாம், நிக்கும், அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பலகைக்கு முன்னாலயே கால் போயிருதுங்கப்பா. பதினஞ்சு நாளு ஒதறுன வண்டில ஓட்டிப் பழகிட்டேன். வண்டி சரியாயிருச்சு. காலு இன்னும் நம்ப மாட்டேங்குது."

"சரியாகிவிடும்" என்றேன்.

"ஆகும். சொன்னா ஆகாது. ஓட்டி ஓட்டித்தான் வரோணும்."

பிரிட்டோ தன் இருசக்கர வண்டியில் முன்னே போனான். என்னை ஏறச் சொன்னாள். முன்னிருக்கையில் அமர்ந்தேன். வீடு வரும்வரை அவள் வலக்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும், வேண்டிய இடத்துக்கு வெகு முன்னரே, அது மிதிக்குப் போயிற்று.